முக நிறமும் அழகுணர்வும்

ஒரு முகத்தைக் கண்டதும் அது அழகானது, நலமானது, இளமையானது என்று மனம் எடைபோடுவதில் தோல் நிறத்துக்கு உள்ள பங்கை உளவியல் ஆராய்கிறது. முக அழகு பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் சமச்சீர்மை, ஆண்மை பெண்மைக் கூறுகள் போன்ற வடிவப் பண்புகளையே அளந்துவந்தன. நிறத்தைத் தனியே அளக்கும் ஆய்வுகள் 2000-க்குப் பின் பெருகின. தோல் எவ்வளவு வெளுப்பு என்பதும் முகம் எவ்வளவு களையாக இருக்கிறது என்பதும் வேறுவேறு என்று அவை காட்டின.

நிறம் தரும் பொருள்கள்

தோல் நிறத்தை முதன்மையாக மூன்று பொருள்கள் தீர்மானிக்கின்றன. மெலனின் பழுப்பும் கருமையும் தந்து, புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காக்கிறது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சிவப்பைத் தருகிறது. ஆக்சிஜன் குறைந்தால் தோல் நீலம் பாரிக்கும், ரத்தசோகையில் வெளிறும். கரோட்டினாய்டுகளை உடல் தானாக உண்டாக்குவதில்லை. கேரட், பப்பாளி, மாம்பழம், கீரை போன்ற உணவுகளின் வழியே அவை தோலில் சேர்ந்து மெல்லிய பொன்மஞ்சள் சாயலைத் தருகின்றன.

மெலனினின் அளவு பெரும்பாலும் மரபையும் வெயிலையும் பொறுத்தது. மற்ற இரண்டும் உணவு, உடற்பயிற்சி, நோய் ஆகியவற்றுக்கு ஏற்பக் கூடிக் குறைபவை. "முகத்தில் ரத்தமே இல்லையே" என்று வீட்டுப் பெரியவர்கள் கவலைப்படுவது இந்த மாற்றத்தைக் கண்டுதான்.

ஆய்வு முடிவுகள்

ஆய்வாளர்கள் நிறத்தை வெளிர்மை, சிவப்பு–பச்சை, மஞ்சள்–நீலம் என்ற மூன்று அச்சுகளில் அளக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டீபன், டேவிட் பெரெட் முதலியோர், கணினித் திரையில் முகப்படங்களின் நிறத்தை மாற்றி, மிக நலமாகத் தோன்றும் நிலையில் நிறுத்தும்படி பங்கேற்பாளர்களைக் கேட்டார்கள். 2009-இல் வெளியான முடிவுகளின்படி அவர்கள் சிவப்பையும் மஞ்சளையும் வெளிர்மையையும் கூட்டினர். ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தின் சிவப்பை அதிகம் விரும்பினர். மெலனின் சாயலையும் கரோட்டினாய்டு சாயலையும் நேரடியாக ஒப்பிட்ட 2011 ஆய்வில் கரோட்டினாய்டே முந்தியது. காய்கனி உண்ணும் அளவில் ஏற்படும் மாற்றம் ஆறே வாரங்களில் தோல் நிறத்தில் தெரிகிறது என்று 2012-இல் 35 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

நிறத்தின் பரவலும் முக்கியமானது. பெர்ன்ஹார்ட் ஃபிங்க் குழு 2006-இல், ஒரே முக வடிவத்தின்மேல் வெவ்வேறு வயதுப் பெண்களின் தோல் நிறப் பரவலைப் பொருத்திக் காட்டியது. திட்டும் புள்ளியும் இல்லாத சீரான நிறம் கொண்ட முகங்களையே பார்த்தவர்கள் இளமையானவை, நலமானவை, கவர்ச்சியானவை என்றனர். கண், உதடு ஆகியவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையிலான நிற வேறுபாடு ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் என்பதையும், கண்மையும் உதட்டுச்சாயமும் அதை மிகைப்படுத்துகின்றன என்பதையும் 2009-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் விளக்கினார்.

பண்பாட்டின் பங்கு

வெளிர்மை பற்றிய விருப்பம் காலத்தோடும் வர்க்கத்தோடும் மாறுவது. வயலில் உழைப்பவர் கறுத்த காலத்தில் ஐரோப்பிய மேட்டுக்குடியினர் வெளுப்பைப் போற்றினர்; 1920-களுக்குப் பின் வெயிலில் பழுத்த மேனி அங்கே ஓய்வுக்கும் செல்வத்துக்கும் அடையாளமானது.

சங்க இலக்கியத்தில் மாந்தளிர் போன்ற மாமை நிறம் பெண்ணின் அழகு. பிரிவால் மேனியில் படரும் பசலையே அந்த அழகின் இழப்பு. இன்றைய பேச்சுத் தமிழிலோ வெளிர்நிறத்தாரைச் "சிவப்பு" என்கிறோம்; மணமகள் தேடும் விளம்பரங்களிலும் அந்த நிறமே கேட்கப்படுகிறது. 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற வெளுப்புக் களிம்பு இந்த ஆசையைப் பெருவணிகமாக்கியது. 2009-இல் சென்னையில் "கருமையும் அழகே" என்ற கருத்தோடு ஓர் இயக்கம் எழுந்தது. கறுத்த நிறத்தை இழிவாகக் காட்டும் விளம்பரங்களுக்கு எதிராக இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2020-இல் அந்தக் களிம்பின் பெயர் குளோ அண்ட் லவ்லி என்று மாறியது.

உடல்நலமும் வெளுப்புப் பூச்சுகளும்

மெலனின் உருவாவதைத் தடுப்பதற்காகச் சில வெளுப்புப் பூச்சுகளில் பாதரசம் சேர்க்கப்படுகிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. மருத்துவர் மேற்பார்வையின்றி ஸ்டீராய்டு களிம்புகளை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து சிவந்து போகும். ஆய்வுகளில் முகத்துக்குக் களை தந்த ரத்தச் செழிப்பையும் காய்கனிச் சாயலையும் இந்தப் பூச்சுகளால் தர முடியாது. நல்ல உணவும் உடற்பயிற்சியும் அவற்றைத் தரும். அதற்குத் தோல் வெளுக்க வேண்டியதில்லை.