குமரிக்கு நீராட வந்தவர்கள்

கன்னியாகுமரியைச் சுற்றுலாத் தலமாக்கியது 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறை நினைவகம்தான் என்பார்கள். கூட்டம் பெருகியதற்கு அது காரணம்; ஆனால் இங்கே நீராட வரும் வழக்கம் அதைவிட வெகு பழையது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான ‘எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ்’, குமரியில் ஒரு தேவி நீராடினாள் என்ற நம்பிக்கையையும், ஆணும் பெண்ணும் அங்கே வந்து நீராடித் தங்கியதையும் குறிக்கிறது. அது துறவு, ஓய்வல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்நூல் சொல்வது நோன்பிகளைப் பற்றியே. ஆனாலும் பிழைப்பை விட்டுவிட்டு, கடலில் முங்குவதற்கென்றே ஒருவர் பயணப்படுவது அங்கே பதிவாகிவிட்டது. இன்றும் பகவதியம்மனைக் கும்பிட வரும் குடும்பம் படித்துறையில் குளித்து, பலநிற மணல் பொட்டலம் வாங்கி, அந்திச் சூரியனுக்காகக் காத்து நிற்கிறது. இதில் வழிபாடு முடிந்து விடுமுறை தொடங்கும் இடத்தை யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.