பர்லியாரில் பழம் தின்ன முடியாத பையன்

போன ஜூலையில் அக்கா குடும்பத்தோடு குன்னூர் போனோம். கல்லாறு தாண்டி மலைப்பாதையில் ஏறினால் பர்லியார். ரோட்டோரக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புத்தான், பலாச்சுளை, பாட்டிலில் மலைத்தேன். நாங்கள் எல்லாரும் இறங்கிவிட்டோம். அக்கா மகன் மட்டும் காரிலேயே இருந்தான். 11 வயது. பழம், சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் அவனுக்கு ஆகாது. கடைக்கார அம்மா விடவில்லை: "தேன்தானே, இயற்கை, ஒண்ணும் பண்ணாது!"

பண்ணும். தேனில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு ஃபிரக்டோஸ். அவனுக்கு இருப்பது அந்தச் சர்க்கரையைக் கல்லீரல் கையாள முடியாத பரம்பரைக் குறைபாடு. இதைப் பலர் 'ஒவ்வாமை' என்று எழுதுகிறார்கள். தப்பு. அலர்ஜிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, 'ஏற்காமை' என்றால் சரி. ஆல்டோலேஸ் பி என்ற நொதி வேலை செய்யாததால் ஃபிரக்டோஸ் பாதி வழியில் சிக்கி, செல்லின் பாஸ்பேட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் குளுக்கோஸ் சரியும், வாந்தி வரும், தொடர்ந்தால் கல்லீரலே கெடும். தாய்ப்பால் குடிக்கும் வரை பிள்ளை நன்றாக இருந்தான். வாழைப்பழம் மசித்துக் கொடுத்த அன்றுதான் ஆரம்பம். பிடிவாதம், அதான் துப்புறான் என்று நாங்களே திட்டியிருக்கிறோம். அது இன்றும் உறுத்துகிறது.

எதைப் பார்த்தாலும் வரலாறு தேடுவது என் வியாதி. 'ஃபிரக்டோஸ்' என்ற பெயரை வைத்தவர் வில்லியம் மில்லர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர், 1857-ல். லத்தீனில் 'ஃபிரக்டஸ்' என்றால் பழம். அதே காலத்தை ஒட்டித்தான் கோவை கலெக்டராக இருந்த இ.பி. தாமஸ் பர்லியாரில் சொந்தமாக ஒரு தோட்டம் போட்டார். 1871-ல் அரசு அதை வாங்கியது. இன்றைய தோட்டக்கலைப் பண்ணை அதுதான். மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய் என்று மலாய்த் தீவுப் பக்கத்து மரங்கள் நீலகிரிச் சரிவில் வேர் விட்ட இடம்.

நோய்க்குப் பெயர் வர இன்னும் நூறு வருஷம் ஆயிற்று. 1956-ல் லண்டனில் சேம்பர்ஸ், பிராட் என்ற இருவர் ஒரு 24 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதினார்கள். பழமும் சர்க்கரையும் சாப்பிட்டால் மயக்கம், குளுக்கோஸ் சாப்பிட்டால் ஒன்றுமில்லை. அடுத்த வருஷமே சுவிட்சர்லாந்தில் ஃப்ரோஷ் குழுவினர் இது குடும்பத்தில் வருவது என்று காட்டினார்கள். 1961-ல் நொதிக் குறை பிடிபட்டது. அதற்கு முன்னால் பிறந்த பிள்ளைகள்? 'இனிப்பே பிடிக்காத பிள்ளை' என்று பேர் வாங்கித் தப்பித்தவர்கள் சிலர். ஒரு சொத்தைப் பல்கூட இருந்திருக்காது. மற்றவர்களைப் பற்றி யோசிக்க மனசு வரவில்லை.

சரி, அவனுக்கு இனிப்பே கிடையாதா? கரும்புச் சர்க்கரை ஒவ்வொரு மூலக்கூறிலும் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். கருப்பட்டி, பனங்கற்கண்டு, கரும்பு கிடைக்காத ஐரோப்பாவில் நெப்போலியன் ஊக்குவித்த பீட்ரூட் சர்க்கரை எல்லாம் அதே கணக்குதான். வழி இன்னொரு பக்கம் இருந்தது. 1811-ல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்காஃப் என்பவர் மாவுச்சத்தை நீர்த்த கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்தார், இனிப்பான பாகு கிடைத்தது. மாவுச்சத்து என்பதே குளுக்கோஸ் சங்கிலி. அதை உடைத்தால் ஃபிரக்டோஸ் வராது. சோற்றை ரொம்ப நேரம் மென்றால் லேசாக இனிக்குமே, அந்த உடைப்பைத்தான் அவர் அண்டாவில் செய்தார்.

அந்த மாவுச்சத்து நம்மூரிலும் உண்டு. ஜவ்வரிசி முன்பு மலாயா பக்கமிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது, அங்கே அது ஒருவகைப் பனையின் தண்டுச் சோறு. உலகப்போரில் வரத்து நிற்க, 1943 வாக்கில் சேலத்துக்காரர்கள் மரவள்ளிக் கிழங்கில் செய்ய ஆரம்பித்தார்கள். இன்று நாம் சாப்பிடுவது அதுதான்.

அக்கா வீட்டுப் பாயசம்: பால், ஜவ்வரிசி, நெய், குளுக்கோஸ் பவுடர். முந்திரியில் சுக்ரோஸ் உண்டு, அதனால் போடுவதில்லை. திராட்சை பற்றிக் கேட்கவே வேண்டாம். குளுக்கோஸ் இனிப்பு சர்க்கரையில் முக்கால் பங்குதான், அதனால் கை தாராளமாக வேண்டும். ஆரஞ்சு வாசனை போட்ட பொடிகளில் சர்க்கரையே கலந்திருக்கும், அட்டையைப் படிக்காமல் வாங்கக்கூடாது. இருமல் மருந்தில் வரும் சார்பிட்டாலும் உடம்புக்குள் ஃபிரக்டோஸாக மாறும். (இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் என் பதிவை நம்பாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.)

அன்று ஓட்டோடு நாலு ஜாதிக்காய் வாங்கினேன். டாக்டர், உணவு ஆலோசகர் இருவரும் மசாலா வாசனைக்குச் சரி என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குன்னூர் ரூமில் அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு காயைத் தட்டி எடுத்து அவன் கையில் கொடுத்தேன். சுரண்டிக்கொண்டே கேட்டான்: "மாமா, இது பர்லியார்ல காய்ச்சதா?"

"அங்கயேதான்டா."

இன்னும் கொஞ்சம் சுரண்டினான். வாசனை கொஞ்சம் தூக்கலாகத்தான் போயிற்று.