சேலத்துக்கு ஒரு பஸ்

எங்கள் கடையம் வட்டாரத்திலிருந்து பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்ததில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊரில் இருப்பவர்களுக்கு மாதம் பிறந்தால் மணியார்டர் வரவேண்டும். அனுப்புகிறவன் எங்கே படுக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

1981 ஜூலை 13 அன்று மகாராஷ்டிர முதலமைச்சர் அந்துலே ஓர் அறிவிப்புச் செய்தார். நடைபாதையில் குடிசை போட்டிருப்பவர்களை அகற்றி, அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுவார்களாம். நல்ல மழைக்காலம். உடனே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அக்டோபர் 15 வரை குடிசைகளை இடிப்பதில்லை என்று அதிகாரிகள் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட மை காயவில்லை, ஜூலை 23 அன்று ஜனங்களை அரசு பஸ்களில் அடைத்து ஊரைவிட்டு அனுப்பினார்கள். போகிற வழியில் இரண்டு குழந்தைகள் பிறந்தன, வேறு இரண்டு குழந்தைகள் இறந்தன என்று மனுவில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த பஸ்களில் ஒன்றில் நம் சேலத்துக்காரர் ஒருவர் இருந்தார். நிலமில்லாத கூலி. பஞ்சத்தில் வேலை போய் 1961இல் பம்பாய் சேர்ந்தவர். ரசாயன கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டால் மறைத்த ஓர் இடத்துக்கு ரவுடி ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்திருக்கிறான். ஓசியில் இருக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மனைவியும் மூன்று பெண்களும் சேலத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர் திரும்ப பம்பாய் போய் மறுபடியும் நடைபாதையில்தான் குடியேறினார். வேலை அங்கேதானே இருக்கிறது?

இவரைப் போன்றவர்களும் பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1985 ஜூலை 10 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். உயிர் வாழும் உரிமையில் பிழைப்பும் அடக்கம். இது பெரிய வார்த்தை, இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். ஆனால் நடைபாதையை ஆக்கிரமிக்க உரிமை இல்லை. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும், ஆனால் அதைக் கொடுத்த பிறகுதான் அகற்றலாம் என்பதில்லை. ஆபீஸில் கோப்பு பார்த்தவன் நான். அந்த 'ஆனால்' ஒன்று போதும், மற்றதெல்லாம் அலமாரிக்குப் போய்விடும். கைமேல் கிடைத்தது அவகாசம் மட்டும்: மழை முடியட்டும், அக்டோபர் 31 வரை நடைபாதைக் குடிசைகளைத் தொடாதீர்கள்.

பிரெஞ்சில் படித்தவன் ஆகையால் எனக்கு இங்கே பாரீஸ் ஞாபகம் வருகிறது. 1954 பிப்ரவரியில் கடுங்குளிரில் ஒரு பெண் தெருவிலேயே விறைத்துச் செத்துக் கிடந்தாள். இரண்டு நாள் முன்னால் அவளை வீட்டைவிட்டு வெளியேற்றிய காகிதம் அவளிடமே இருந்தது. அபே பியேர் என்ற பாதிரியார் அதை ரேடியோவில் சொன்னதும் ஜனங்கள் கம்பளியும் பணமும் கொண்டுவந்து குவித்தார்கள். 1956இல் சட்டமே வந்தது. குளிர்காலத்தில் வாடகைக்காரரை வெளியேற்றக் கூடாது. இப்போது நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, வருஷாவருஷம். நம் நீதிமன்றம் கொடுத்தது ஒரே ஒரு மழைக்கு.

நவம்பர் நெருங்க நெருங்க பைகுல்லா நடைபாதைப் பெண்கள் பயந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. 'ஸ்பார்க்' என்ற அமைப்போடு சேர்ந்து நடைபாதைக் குடும்பங்களைத் தாங்களே கணக்கெடுத்தார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை! அடுத்த வருஷம் 'மகிளா மிலன்' தொடங்கியது. கோலார் தங்கவயல் தமிழர் ஜோக்கின் அற்புதம் கூட நின்றார். அவர் பட்டவர். அவர் இருந்த ஜனதா காலனியில் சுமார் 70,000 பேரை, எமர்ஜென்சியில், 1976 மே 17 அன்று கிளப்பி சீட்டா கேம்புக்கு அனுப்பியிருந்தார்கள். இடிக்காதே என்று கேட்பதோடு நிற்காமல் எங்களுக்கு இடம் கொடு, வீடு கட்டிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள் இந்தப் பெண்கள். எப்படிப்பட்ட வீடு என்று மாதிரி கட்டி நிறுத்தியும் காட்டினார்கள்.

மான்கூர்டில் அவர்களுக்கு அடுக்குமாடி எழும்ப ஏறத்தாழ 20 வருஷம் ஆயிற்று. பாத்திரம் தேய்த்த வீடுகள் எல்லாம் பைகுல்லாப் பக்கம், தினமும் ரயிலில்தான் போய்வர வேண்டும். ஆனால் ரேஷன் கார்டில் எழுத ஒரு கதவு எண் உண்டு.