ஏரி உடைந்தால் நட்டஈடு யார் தருவது?

நட்டஈடு என்றதும் பி.காம். படிக்கிறவர்களுக்கு ஞாபகம் வருவது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73, 74ஆம் பிரிவுகள்தான். ஒப்பந்தத்தை மீறினால் அதனால் இயல்பாக வந்த இழப்புக்கு ஈடு. நிஜமான இழப்பு இல்லையென்றால் பெயரளவுக்கு ஒரு சிறு தொகை. முன்பே பேசிவைத்த தொகை இருந்தால் அதற்கு மேல் கிடையாது. பரீட்சைக்கு இது போதும். ஒப்பந்தமே இல்லாத ஒருவருடைய தண்ணீர் வந்து நம் சொத்தை அடித்துக்கொண்டு போனால்? வீராணம் பக்கத்து ஆட்களைக் கேட்டால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

இங்கிலாந்தில் ஒரு மில்காரர் கட்டிய நீர்த்தேக்கத்தின் தண்ணீர் அடுத்தவரின் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் புகுந்துவிட்டது. மில்காரரிடம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் நட்டஈடு கொடுத்தே ஆகவேண்டும் என்று 1868-ல் பிரபுக்கள் சபை சொன்னது. இதுதான் ரைலண்ட்ஸ் - ஃபிளெட்சர் வழக்கு.

அந்த விதிப்படி பார்த்தால் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி ஜெயித்திருக்க வேண்டும். கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் (இன்று ஆந்திரா, அன்று சென்னை மாகாணம்) பெருமழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. கம்பெனி ஜமீன்தார் மேல் வழக்குப் போட்டது. 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில் நட்டஈடு கிடையாது என்று சொல்லிவிட்டது. காரணம்தான் சுவாரசியம். மில்காரர் தன் லாபத்துக்காகத் தண்ணீரைத் தேக்கினார். ஜமீன்தாரோ பழங்கால ஏரிகளைக் காப்பாற்றக் கடமைப்பட்டவர். ஊர் பிழைப்பதே அதில்தான், அவர் நினைத்தாலும் மூட முடியாது. அதனால் அவருடைய கவனக்குறைவை நிரூபித்தால்தான் பணம். ரயில் கம்பெனியை நம் ஏரிப்பாசனம் தோற்கடித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனால் ஏரிக்குக் கீழே குடிசை போட்டவனுக்கும் இதே தீர்ப்புதானே!

டெல்லி ஸ்ரீராம் ஆலையில் 1985-ல் ஓலியம் வாயு கசிந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி பகவதி தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, ஆபத்தான தொழில் நடத்துகிறவர்கள் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது என்றது. கம்பெனி எவ்வளவு பெரிதோ, நட்டஈடும் அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், அப்போதுதான் பயம் இருக்கும் என்றும் சொன்னது. இழப்பை மட்டும் அளக்காமல் கொடுப்பவனின் பையையும் அளக்கிற கணக்கு இது.

ஆக, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரத்து சிப்காட் ரசாயன ஆலைகளுக்கு 1986-ன் விதி. சிதம்பரம் தாண்டி வீராணம் மாதிரியான ஏரிக்கு 1874-ன் விதி. எதுவானாலும் சிவில் கோர்ட்டுக்குப் போகிறவர் முதலில் கட்டணம் கட்டவேண்டும். தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்தது, 2017-ல் மூன்றாகக் குறைத்தார்கள். லட்ச ரூபாய் நட்டஈடு கேட்க மூவாயிரம்.