பெட்டியின் பின்புறத்தில் ஒரு வரலாறு

சமுதாய வரலாறு எழுதப் புகுவோர் ஆலைகளையும் துறைமுகங்களையும் நோக்குவர். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தை நோக்குவோர் அரியர். எனினும், கொழும்புத் தமிழரின் அண்மைக்கால வாழ்வில் ஒரு பகுதி அங்கேதான் நிகழ்ந்தது.

1972 இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம், படங்களின் இறக்குமதியையும் விநியோகத்தையும் தன் தனியுரிமையாக்கியது. தேசியக் கலை வளர அது அவசியமென்று முற்போக்காளர் கருதினர். அதில் நியாயமும் இருந்தது. 1977 இல் வந்த ஆட்சி பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டது. 1979 ஏப்ரலில் தனியார் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சியை அரசு இரண்டு மாதங்களுக்குள் கையேற்றது. 1982 பெப்ரவரியில் யப்பானிய நன்கொடையோடு ரூபவாகினி வந்தது. நன்கொடை தந்த நாட்டின் பெட்டிகளே கொள்ளுப்பிட்டிக் கடைகளிலும் அடுக்கப்பட்டன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? பெட்டிக்குப் பின்னே 'டெக்' வந்தது. மத்திய கிழக்கில் உடலை வருத்தி உழைத்தோரும் அதைச் சுமந்து வந்தனர்.

இணைப்பு எளியது. கூரை அன்ரெனாவின் வயர் முதலில் டெக்கினுள் நுழையும். அங்கிருந்து இன்னொரு வயர் தொலைக்காட்சிக்குச் செல்லும். நிலையம் எதுவும் இல்லாத ஓர் அலைவரிசையைத் தேடி, டெக்கின் படம் தெளியும்வரை திருக வேண்டும். அவ்வளவே. ஆனால் அரசு திரையரங்க வாசலில் வைத்திருந்த காவல் அந்த வயரினால் பயனற்றதாயிற்று. மூன்று மணி நேர இ-180 கசெற்றில் தமிழ்ப் படம் ஒன்று அடங்கிவிடும். இரண்டு டெக்குகளைப் படத்துக்கொரு வயர், ஒலிக்கொரு வயர் என்று பொருத்தினால் ஒன்று இரண்டாகும். பிரதியின் பிரதியில் நிறம் கசியும், முகம் மங்கும். வாடகை மட்டும் மங்கவில்லை! தனியுரிமை உடைந்ததே தவிர, கலை மக்களுடையதாகிவிடவில்லை, வியாபாரியே கைமாறினான்.

1983 ஜூலை வந்தது. வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தன. ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த சிங்களப் படச்சுருள்களும் சாம்பலாயின. இனவெறிக்குத் தன் மொழியின் கலை எதுவென்றும் தெரிவதில்லை.

அதன்பின் டெக்கின் தொழில் மாறியது. ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் பிள்ளைகளின் கலியாணங்கள் கசெற்றில் வந்தன. இங்கே ஒரு சங்கடம். இலங்கையின் முறை 'பால்': 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். கனடாவினது 'என்ரிஎஸ்ஸி': 525 கோடுகள், ஏறத்தாழ 30 படங்கள். பிரான்சுக்கோ 'செக்காம்' என்று வேறொரு முறை. வல்லரசுகளும் கம்பனிகளும் தத்தம் சந்தையைக் காக்க வகுத்துக்கொண்ட எல்லைகள் இவை. கனடாக் கசெற்றை இங்குள்ள சாதாரண டெக்கில் இட்டால் படம் உருண்டோடும், நிறம் போகும். மகளின் தாலிகட்டைக் காண, 'மல்ரிசிஸ்ரம்' டெக் உள்ள வீடு தேடித் தாய்மார் போக நேர்ந்தது. விசா கிடையாத தாய்க்கு, அயலார் வரவேற்பறையில் ஓடிய அந்தப் படமே கலியாண வீடு.

2016 ஜூலையில் யப்பானின் பூனாய் கம்பனியும் இவ்வியந்திரத்தின் உற்பத்தியை நிறுத்தியது. கடற்காற்றின் ஈரத்தில் நாடாக்கள் பூஞ்சணம் பிடிக்கின்றன. எஞ்சியிருக்கும் டெக்குகளிலிருந்து வயர் இப்போது கணினிக்குச் செல்கிறது. எரிந்த வீடுகளின் அல்பங்களோடு போன முகங்கள் சில, அக்கலியாணக் கூட்டங்களில் மட்டுமே இருக்கின்றன.