துரும்பன் பூனையின் முதல் முகவரி

துரும்பன் பூனை நன்றாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்றான இது இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்திய முதல் மாதிரி எங்கே கிடைத்தது? பட்டியல்கள் பல 'புதுச்சேரி' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. அக்காலத்தில் தோல் கப்பலேறிய துறைமுகமே, விலங்கு பிடிபட்ட இடமாகச் சீட்டில் பதிவாகிவிடுவது உண்டு.

ஆகவே மூல விவரிப்பைத் தேடிப் போனேன். புதுச்சேரித் தாவரத் தோட்டத்தைக் கவனிக்கப் பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாக வந்தவர் சார்ல் பெலாஞ்சே. அவருடைய பயண நூலில், பாரிஸ் விலங்கியலாளர் இசிடோர் ஜொஃப்ருவா சேன்-இலேர் எழுதிய பகுதி அது. ஆண்டிலேயே ஒரு சிக்கல். சிலர் 1834 என்கிறார்கள். நூல் பகுதி பகுதியாக வெளிவந்ததால், இந்த விவரிப்புக்கு 1831 என்பதே இன்று ஏற்கப்பட்ட ஆண்டு.

இடக்குறிப்போ நான் நினைத்ததைவிடத் துல்லியம். புதுச்சேரிக்கு அருகில் ஒரு மேட்டை மூடியிருக்கும் விசிறியோலை மரக்காடு என்கிறது. துறைமுகச் சந்தேகம் அத்தோடு போயிற்று. ஈச்சமரமாக இருக்குமோ என்றால், அதன் ஓலை இறகு வடிவம். இக்கரையில் காடாக நிற்கும் விசிறியோலை மரம் பனைதான். மேடு எது என்பதுதான் கடினம். நகரைச் சுற்றிப் பெரும்பாலும் தட்டை நிலம். கோரிமேட்டுப் பக்கத்துச் செம்மண் மேடு பொருந்துகிறது. குறிப்பில் பெயர் இல்லாததால் இதை ஊகம் என்றே வைக்கிறேன்.

பனங்காடு என்றால் இது அடர்காட்டு விலங்குதானா? 1867இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றி நூல் எழுதிய ஜெர்டன், இதை வற்றிய ஏரிகளின் புல்லிலும் வெட்டவெளி வாய்க்கால்களிலும் ஊரோரத்திலும் காட்டுகிறார். குட்டியொன்றை வளர்த்தும் பார்த்தார். எட்டு மாதத்தில் அது ஒரு மான்குட்டியின் பிடரியைக் கவ்வியதாம்! ஆனால் அவரை வைத்தே தீர்ப்பு எழுத முடியாது. இலங்கையில் இதே பூனை ஈரமான மலைக்காடுகளிலும் வாழ்கிறது. 1939இல் விலங்கியலாளர் போக்காக் அதைத் தனித் துணையினமாகவே பிரித்தார்.

எனவே காட்டுப் பூனை என்ற முத்திரை பாதிதான் சரி. தென்னிந்தியாவில் வயல் சூழ்ந்த வீடுகளின் பரணில் இது குட்டி ஈன்றதும் பதிவாகியுள்ளது. இனிக் கணக்கெடுப்போர் சரணாலய எல்லையோடு நிற்காமல், பனந்தோப்புகளிலும் ஏரிப் புதர்களிலும் கேமராப் பொறி வைக்க வேண்டும்.