செம்மை நெல் சாகுபடி: தென்காசி வயல்களில் பழைய நடவு ஏன் மாறவில்லை?

குற்றாலத்தில் சாரல் பிடித்து சிற்றாற்றில் தண்ணீர் வந்ததும் தென்காசி வட்டாரத்தில் கார் பருவ நடவு தொடங்கிவிடும். நாலைந்து நாற்றுகளைச் சேர்த்து, வரிசை பார்க்காமல் நடுவதையே இன்றும் பல வயல்களில் காணலாம். ஒற்றை நாற்று நடவு இங்கே தெரியாத முறை அல்ல. தெரிந்தும் ஏன் முழுமையாகப் பரவவில்லை, உங்கள் வயலுக்கு அதில் எது பொருந்தும் என்று பார்ப்போம்.

பலன் உண்டா?

இந்த முறை 1980-களில் மடகாஸ்கரில் உருவானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ல் இதில் ஆய்வைத் தொடங்கியது. 2003-04-ல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 விவசாயிகளின் வயல்களில் புதிய முறையும் வழக்கமான முறையும் ஒப்பிடப்பட்டன. சிற்றாறும் தாமிரபரணியின் துணை ஆறுதான். அங்கே செம்மை முறையில் ஹெக்டேருக்குச் சராசரியாக 7 டன்னுக்கு மேல் கிடைத்தது. வழக்கமான முறையில் 5.5 டன்னுக்குச் சற்று அதிகம். ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்பதும் லாபம்தான்.

தடை எங்கே இருக்கிறது?

1. தண்ணீர்: வயலில் 2.5 செ.மீ. நீர் கட்டி, அது வற்றி மயிரிழை போல வெடிப்பு தெரிந்ததும் மீண்டும் பாய்ச்ச வேண்டும். குளத்துப் பாசனத்தில் முறை வரும் நாளில்தான் தண்ணீர். அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர் வயல் நிறையத் தேக்கி வைப்பது அவருக்குக் காப்பீடு மாதிரி. வயல் விட்டு வயல் பாயும் இடத்தில், நீங்கள் காயவிட நினைத்தாலும் மேல்வயல் தண்ணீர் வந்து சேரும்.

2. நாற்றின் வயது: 14-15 நாள் நாற்றை நட வேண்டும். ஊர் முழுக்க ஒரே வாரத்தில் நடவு நடப்பதால் ஆட்கள் வரும் நாள் தள்ளிப்போகும். 25 நாள் நாற்று அந்தத் தாமதத்தை ஓரளவு தாங்கும். இளநாற்று முறையில் தாமதமானால் முறையின் பயனே போய்விடும்.

3. களை: தேங்கிய நீர் களையை அடக்கும், காயவிட்டால் களை கிளம்பும். அதற்குக் கோனோவீடர் தள்ள வேண்டும். சதுர நடவு இல்லாமல் கருவி ஓடாது. தொளியில் தள்ளுவது கடினமான வேலை என்பதால் பெரும்பாலும் ஆண் ஆட்கள் தேவை; கூலியும் கூடும்.

4. லாபம் யாருக்கு: குளத்தில் மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்குப் போகும். கிணற்றுப் பாசனத்தில் மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டார் ஓடும் நேரம் குறைந்தாலும் கட்டணத்தில் மிச்சம் இல்லை. ஆனால் சோதனை தோற்றால் நஷ்டம் முழுவதும் பயிரிட்டவருக்கே.

ஆகவே பழைய முறை நீடிப்பதற்கு அறியாமை காரணம் அல்ல. தண்ணீர் முறை, ஆட்கள், பக்கத்து வயல் எல்லாம் அதற்கு ஏற்றபடி அமைந்திருக்கின்றன. அமெரிக்காவின் அயோவாவில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதைப் பற்றி 1943-ல் வெளியான ஆய்வும் இதையொட்டிய பாடம் தருகிறது. 259 விவசாயிகளில் இருவர் தவிர அனைவரும் புதிய விதைக்கு மாறியிருந்தனர். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. பெரும்பாலோர் முதலில் சிறு பகுதியில் போட்டுப் பார்த்த பிறகே முழுவதும் மாறினர்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• கிணறு உள்ளவர்கள் 10 சென்ட் நிலத்தில் முழு முறையையும் செய்து பார்க்கவும். பக்கத்தில் அதே அளவு நிலத்தில் பழைய நடவு இருக்கட்டும். இரண்டின் செலவையும் விளைச்சலையும் தனித்தனியாக எழுதி வைக்கவும். தூர் கட்டும் வரை வயல் வெறிச்சென்று தெரியும், பயப்பட வேண்டாம்.

• குளத்துத் தண்ணீரை மட்டும் நம்புபவர்கள் காயவிடுவதில் பிடிவாதம் காட்ட வேண்டாம். சற்று முதிர்ந்த நாற்றைக் குத்துக்கு ஒன்று அல்லது இரண்டாக, 22.5 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நடுவதில் தொடங்கவும்.

• நடவு ஆட்களிடம் தேதியை உறுதி செய்த பிறகே நாற்று பாவவும்.

• காயவிட வசதி உள்ள வயலில் 30 செ.மீ. நீளமுள்ள, துளையிட்ட பிவிசி குழாயைப் பாதியளவு மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடவும். குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

• ஒரே மடையில் பாயும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் நட்டால் தண்ணீர் கட்டுவதும் வடிப்பதும் எளிது. நடவு இயந்திரம், கோனோவீடர் வாடகையையும் பகிர்ந்துகொள்ளலாம்.

இரண்டு பருவம் கணக்குப் பார்த்தும் உங்கள் வயலில் லாபம் தெரியவில்லை என்றால், பொருந்திய பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். கருவிகள், மானிய விவரங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை நாற்று பாவுவதற்கு முன்பே அணுகவும்.